தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை

ஒரு குடும்பம் தன் வீட்டு இன்டர்நெட்டை விட்டுவிட்டு வேறொரு இன்டர்நெட்டுக்கு மாறுவது சட்டப்படி குற்றமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சென்ற ஆகஸ்ட் மாதம் எங்கள் குடும்பம் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்து, நாங்கள் ஏதோ ரேஷன் அரிசி கடத்தி மாட்டிக்கொண்டோம் என்று சங்கரன்கோவிலில் சிலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். எங்கள் வீடு ரத வீதி முக்கில் இருக்கிறது. ஆடியில் தேர் ஓடியது. தேர் வரும் வீதிகளில் குறுக்கே தொங்குகிற ஒயரையெல்லாம் முந்தின நாளே அவிழ்த்துவிட்டு, தேர் போனதும் திரும்பக் கட்டுவது ஊர் வழக்கம். கரண்டு ஒயரை அன்று சாயங்காலமே கட்டினார்கள். கேபிள் டிவி ஒயரை சீரியல் ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒரு பெண்கள் கூட்டம் கீழே நின்று மேற்பார்வை பார்க்க, கட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் ஆகாயகங்கை பிராட்பேண்ட் கம்பெனியின் ஒயரை மட்டும் யாரும் கட்டவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் அது சுருண்டு கிடந்தது. பத்தாவது நாள் அம்மா அதை இழுத்துக் கட்டித் துண்டு காயப்போட்டாள்.

நெட் இல்லாமல் நான் செத்துவிடவில்லை. எதிர்வீட்டு நெட்டின் பாஸ்வேர்டு எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். பிரச்சினை அக்காவுக்கு. ஆயிஷா சித்திகா, பி.காம். எட்டு மாதம் தேடி, சென்னைக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை. ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வீட்டில் ஒயர் வழியாக வரும் நெட் இருக்க வேண்டும். அவர்கள் அங்கிருந்தே சோதித்துப் பார்ப்பார்கள். செல்போன் நெட் செல்லாது, அடுத்த வீட்டு நெட் அறவே செல்லாது. தவறினால் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு. அந்த அடுத்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அக்காவுக்கு அடுத்தது என்ன என்று நன்றாகத் தெரியும். கடையநல்லூர்ப் பெரியம்மா ஒரு மாப்பிள்ளையின் போட்டோவை அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, நீல டிக் விழுவதற்காகக் காத்திருந்தார். மாப்பிள்ளை துபாயில் இருந்தார். போட்டோவில் ஒட்டகம்தான் தெளிவாக விழுந்திருந்தது.

"முப்பத்தொண்ணு வரைக்கும் நான் போட்டோவைத் திறக்க மாட்டேன்," என்றாள் அம்மா. "அதுக்குமேல அல்லா விட்ட வழி."

எனவே அத்தா, அதாவது எங்கள் அப்பா, நெட்டை மாற்ற முடிவெடுத்தார். பெயர் மன்சூர் அலி, கடைத்தெருவில் நைட்டி மொத்த வியாபாரம். ஒரு கைக்குட்டை வாங்கினாலும் நாலு பேரிடம் விசாரிப்பவர். ஊரில் இருந்த மற்ற கம்பெனிகள் இரண்டு: மின்னல் ஃபைபர், சூப்பர்சோனிக் நெட். இரண்டையும் ஆராய்வதற்காக அத்தா தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. நான் குழுவின் டார்ச்லைட்.

முதலில் எதிர்வீட்டு சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி. ரிட்டயர்டு ஆனவர், மின்னல் வாடிக்கையாளர். அவர் வீட்டு ரௌட்டர் ஷோகேஸுக்குள், பேரன் வாங்கிய ஷீல்டுக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவில் இருந்தது. ஆறு கொம்பு. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை.

"எப்படி அண்ணாச்சி நெட்டு?"

"பறக்குது பாய்."

"ஒரு நிமிசம் காட்டுங்களேன்."

"இப்பம் இல்ல. இப்பம் கொஞ்சம் நிக்குது. ஆனா ஓடும்போது பறக்கும்."

"எப்பம் ஓடும்?"

"அதை யாரு சொல்ல முடியும்? நீங்க கொம்பைப் பாருங்க. ஆறு! பக்கத்து வீட்டு டீச்சருக்கு நாலுதான்."

பக்கத்து வீட்டு ஞானபூரணம் டீச்சர் சூப்பர்சோனிக். "ஆறு கொம்பு இருந்தா அது ரௌட்டர் இல்ல, நண்டு," என்றார். "எங்களுக்கு சினிமா பாக்க ஏழு ஆப் இலவசமாத் தந்திருக்கான்."

"நல்லாத் தெரியுதா டீச்சர்?"

"தெரியாது. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். ஆனா ஏழுலயும் சுத்தும்."

குழு ஒரு முக்கியமான உண்மையைக் கண்டறிந்தது. எங்கள் தெருவில் யாரும் தான் வாங்கிய நெட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். தேர்ந்தெடுத்தது தப்பு என்று ஒத்துக்கொள்வதைவிட, சுற்றுகிற வட்டத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பது கௌரவம். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில்கூட இவ்வளவு விசுவாசத்தை நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சியில் முடிவு வராததால், அத்தா இரண்டு கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் போன் போட்டார். எவன் முதலில் வருகிறானோ அவனே சுறுசுறுப்பானவன்.

அரைமணி நேரத்தில் மின்னல் வந்தது. மஞ்சள் சட்டை, பைக்கில் ஏணி. பெயர் லிங்கேஷ். வீட்டைப் பார்த்தார், போஸ்ட்டைப் பார்த்தார், டீ குடித்தார், போனார். அடுத்த அரைமணி நேரத்தில் சூப்பர்சோனிக் வந்தது. நீலச் சட்டை, பைக்கில் ஏணி. அதுவும் லிங்கேஷ் அண்ணன்.

"ஏலே, இப்பம்தான வந்துட்டுப் போன?" என்றார் அத்தா.

"அது மின்னல் பாய்," என்றார் நீலச் சட்டை. குரலில் லேசான வருத்தம். "அவனையா முதல்ல கூப்ட்டிய? அந்தப் பய சரியில்ல. போனை எடுக்க மாட்டான்."

"அந்தப் பய நீதானடே!"

"அது அந்த டூட்டில இருக்கும்போது. இந்த டூட்டில நான் கரெக்டா இருப்பேன்."

"சரி. ரெண்டுல எது நல்ல நெட்டு? சட்டையை மறந்துட்டுச் சொல்லு."

லிங்கேஷ் அண்ணன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நீலச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். "எல்லாம் ஒரே ஒயர்தான் பாய். கொஞ்ச தூரம் போய்ப் பிரியுது. ஆனா உங்களுக்கு எதையும் கட்ட முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு கொக்கிதான். போஸ்ட்டுல உங்க கொக்கி ஆகாயகங்கை பேர்ல இருக்கு."

"அந்த ஒயர்தான் அவுந்து கிடக்கே. கொக்கி சும்மாதான இருக்கு?"

"சும்மாதான் இருக்கு. ஆகாயகங்கை பேர்ல சும்மா இருக்கு."

"அப்பம் அந்த ஆகாயகங்கை ஆளைக் கூப்பிடுலே!"

லிங்கேஷ் அண்ணன் பைக்குக்குப் போனார். பெட்டியைத் திறந்தார். சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, "வணக்கம் பாய், கூப்ட்டியளாமே?" என்றார்.

அத்தா வியாபாரி. ஆளைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர். சிவப்புச் சட்டையிடம் புதிதாக ஆரம்பித்தார். "தம்பி, எங்க நெட்டைத் துண்டிக்கணும்."

"துண்டிக்கணும்னா புகார் நிலுவையில இருக்கக் கூடாது. உங்க புகார் நிலுவையில இருக்கு. அதை முடிக்கணும்னா நெட் ஓடணும்."

"நெட் ஓடுனா நான் எதுக்குலே துண்டிக்கேன்?"

"அதைத்தான் பாய் கம்பெனியும் கேக்கு."

"அப்பம் ஒயரைக் கட்டி ஓட வை."

லிங்கேஷ் அண்ணன் செல்போனை எடுத்துக் காட்டினார். கம்பெனி ஆப்பில் எங்கள் வீட்டுக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி. 'தேரோட்டம் நடைபெறுகிறது. ஒயரைத் தொடக் கூடாது.'

"அவுக்கும்போது நான்தான் தேர் புறப்பட்டுட்டுன்னு பதிஞ்சேன். தேர் நிலைக்கு வந்துட்டுன்னு ஹெட் ஆபீஸ்ல பதியணும். பதியலை. இல்லைன்னா மேனேஜர் யாராவது வாய்மொழியா உத்தரவு போடணும், அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. ஆனா பாய், ஆறு வருசமா இந்தச் சட்டையைப் போடுதேன். ஒரு மேனேஜர்கூட எங்கிட்டப் பேசுனதில்லை. எல்லாம் மெசேஜுதான்."

அன்று மதியம் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டோம். ஒரு பெண் குரல், இனிப்பில் முக்கி எடுத்த மாதிரி, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது. பின்னால் புல்லாங்குழல். இருபத்தேழாவது நிமிடத்தில் அந்தக் குரலை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அச்சு அசலாகப் பேச ஆரம்பித்திருந்தேன். அத்தா இரண்டு முறை என்னிடமே "மேடம், நான் மன்சூர் அலி பேசுதேன்" என்றார். நாற்பதாவது நிமிடத்தில் நிஜமான ஓர் ஆள் வந்தார்.

"தங்கள் பகுதியில் தற்போது தேரோட்டம் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது சார்."

"அது ஆடியிலயே முடிஞ்சிட்டு தம்பி."

"தேர் புறப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. நிலைக்கு வந்ததாகப் பதிவு இல்லை."

"அப்பம் இத்தனை நாளா அது எங்கன போய்க்கிட்டிருக்குன்னு நினைக்கிய?"

"பொதுவாகத் தேர் மெதுவாகத்தான் போகும் சார்."

"எவ்வளவு மெதுவாப் போனாலும் இந்நேரம் மதுரையத் தாண்டியிருக்குமேய்யா!"

"மதுரையைத் தாண்டியிருந்தால் அது வேறு மண்டலம் சார். தாங்கள் அங்கேதான் புகார் அளிக்க வேண்டும்."

அத்தா போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். மீதியை நான் அத்தாவின் குரலில் பேசி முடித்தேன். தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று தகுந்த அலுவலகத்தில் சான்று வாங்கி அனுப்பினால், பதிவு மாற்றப்படும்.

தகுந்த அலுவலகம் எது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் இந்த ஊரில் இன்னும் குடியிருக்க வேண்டும். அங்கே மாலா மேடம் என்று ஒருவர் இருந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தேர் நிற்கிறது என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று அத்தா கேட்டபோது அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இதைவிடப் பெரியதையெல்லாம் பார்த்த முகம்.

"தேர் ஓடுறதுக்கு அனுமதி உண்டு. நிக்கிறதுக்கு இதுவரை யாரும் அனுமதி கேட்டதில்லை. கேக்காததுக்கு ஃபைல் கிடையாது. ஃபைல் இல்லாததுக்குச் சான்று கிடையாது."

"மேடம், அந்தா ஜன்னல் வழியாப் பாருங்க. தகரத்தை அடைச்சு நிறுத்தி வச்சிருக்காங்க."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா, நிக்குது."

"அதை ஒரு தாள்ல எழுதித் தந்தாப் போதும்."

"இப்ப நான் பாத்தது தனிப்பட்ட முறையில பாத்தது சார். ஆபீஸ் பாக்கலை." அப்புறம் அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. "ஒண்ணு செய்யலாம். தேரைக் காணோம்னு ஒரு புகார் எழுதிக் கொடுங்க. நாங்க விசாரிச்சு, காணாமப் போகலை, இருந்த எடத்துலயே இருக்குன்னு பதில் கொடுப்போம். அது கிட்டத்தட்ட சான்றுதான். தொண்ணூறு நாள் ஆகும்."

அத்தா ஒரு நிமிடம் யோசித்தார். தேரைக் காணோம் என்று மன்சூர் அலி என்ற பெயரில் ஒரு கையெழுத்து. அது வாட்ஸப்பில் முதல் குரூப்புக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும், அதற்கப்புறம் சங்கரன்கோவிலில் நைட்டி விற்குமா என்று கணக்குப் போட்ட மாதிரி இருந்தது. "வேண்டாம் மேடம்," என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

தேதி இருபத்திரண்டு ஆகியிருந்தது. மறுபடி போன், மறுபடி புல்லாங்குழல். சான்று கிடைக்காதவர்கள் வீடியோ அனுப்பலாம் என்றார்கள். வெட்டாமல், ஒட்டாமல், பத்து நிமிட வீடியோ. அதில் தேர் நகரக் கூடாது.

மறுநாள் காலை தேருக்கு எதிரே நின்று நான் படம் பிடித்தேன். அன்றைய செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி அத்தா தேருக்கு முன்னால் நின்றார், தேரும் தேதியும் ஒன்றாகத் தெரியட்டும் என்று. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன பாய், சினிமாவா?"

"இல்ல. நெட் கனெக்சன்."

"ஓ," என்று புரிந்த மாதிரி போய்விட்டார்கள். ஆறாவது நிமிடத்தில் ஒரு வெள்ளாடு வந்து செய்தித்தாளின் ராசிபலன் பக்கத்தைத் தின்ன ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு வந்து, கை கொஞ்சம் ஆடிவிட்டது. அதைத் தவிர வேறு அசம்பாவிதம் இல்லை.

பத்து நிமிட வீடியோவை அனுப்ப நல்ல நெட் வேண்டும். நெட் இல்லை என்று நிரூபிக்கவும் நெட்தான் வேண்டும் என்பதை நாங்கள் இந்தக் கட்டத்தில் ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் மின்னல் ஃபைபர் ஷோரூமுக்குப் போனோம். அங்கே வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக ஒரு நெட் வைத்திருக்கிறார்கள். அது நிஜமாகவே பறந்தது. ஊரிலேயே பறக்கிற ஒரே நெட் அதுதான். வாங்குவதற்கு முன்னால் எல்லா நெட்டும் பறக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி பதில் வந்தது. 'தங்கள் காணொளி பரிசீலிக்கப்பட்டது. ஆறாவது நிமிடத்தில் தேர் இடது பக்கமாக நகர்வது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. தேரோட்டம் இனிதே நடைபெற வாழ்த்துகள்.'

ஆடும், அத்தாவும், பின்னால் இருந்த டீக்கடையும் சேர்ந்தே இடது பக்கம் நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா செத்துப்போன ரௌட்டருக்கு முன்னால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரலில் புன்னகை தெரிய வேண்டும் என்று கம்பெனி கடிதத்தில் இருந்ததாம். ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருக்கிறாள். "வணக்கம், நான் ஆயிஷா. தங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று சுவரைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே இருக்க, கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. அடுப்படியில் அம்மா போனை எடுத்தாள். ஒட்டகத்தைத் திறந்தாள். நீல டிக் விழுந்தது. ஒரே நிமிடத்தில் பெரியம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

நான் அம்மாவின் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

எங்கள் ஹெட்மாஸ்டரின் தொண்டையை எடுத்துக்கொண்டேன். மாலா மேடத்தின் அசையாத தன்மையைக் கொஞ்சம் சேர்த்தேன். மேலே, கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்த ஓர் ஆளின் மூச்சு. லிங்கேஷ் அண்ணனின் நம்பரை அமுக்கினேன்.

"யாருய்யா, லிங்கேஷா?"

"ஆமா, யாரு?"

"மண்டல மேனேஜர் பேசுறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டார். "சார்!"

"என்னய்யா, ஒரு மாசமாத் தேரை ஓட்டிக்கிட்டிருக்க?"

"நான் ஓட்டலை சார்!"

"நிறுத்து."

"சார், இது வாய்மொழி உத்தரவா சார்?"

"பின்னே காதாலயா பேசுறேன்? ரத வீதி முக்கு வீடு. பழைய ஒயரைக் கட்டி, புகாரை முடி. பக்கத்துல ரெண்டாவது கொக்கியும் போடு. அவங்க எந்தக் கம்பெனி கேட்டாலும் கொடு."

"உடனே செய்யுதேன் சார். ஒரு நிமிசம் சார், மஞ்சச் சட்டையில இருக்கேன், மாத்திக்கிடுதேன்." துணி சரசரக்கிற சத்தம். "சார், தப்பா எடுத்துக்கிடாதிய. ஆறு வருசத்துல நம்ம கம்பெனிலருந்து ஒரு மனுசன் குரலை இப்பம்தான் கேக்கேன். சாப்ட்டியளா சார்?"

"ம்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் போஸ்ட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கொக்கி. பழைய ஆகாயகங்கை ஓடியது, புகார் முடிந்தது. புதிதாக மின்னலைத் தேர்ந்தெடுத்தோம். நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு அதற்குச் சொல்லப்பட்ட காரணம், அன்று லிங்கேஷ் அண்ணனின் நீலச் சட்டை துவைக்கப் போயிருந்தது. முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் சென்னையிலிருந்து சோதித்தார்கள். பாஸ். பெரியம்மாவுக்கு அம்மா கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். ஆறு கொம்பு ரௌட்டரை ஷோகேஸில் வைத்தோம். உறையைப் பிரிக்கவில்லை.

அக்கா வேலைக்குச் சேர்ந்தாள். அதாவது, ஹாலுக்கு அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வாரம் பயிற்சி. எந்தக் கம்பெனிக்காகப் பேசுகிறாள் என்று கேட்டால், "வாடிக்கையாளர் உறவு. வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க," என்றாள். மகள் ஏதோ ராணுவ ரகசியத்தில் இருக்கிறாள் என்று அத்தா கடைத்தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அத்தா சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். "ரெண்டு நெட் வச்சுக்கிட நான் என்ன ராஜாவா? இப்பம் பழசு ஓடுது, புகாரும் இல்ல. முறைப்படி துண்டிச்சிருவோம். சொல்லாமக் கொள்ளாம வந்துட்டா நாளைக்கு மூஞ்சியில முழிக்க முடியாது," என்று ஆகாயகங்கைக்குப் போன் போட்டார். தமிழுக்கு ஒன்றை அமுக்கவும். துண்டிப்புக்கு நாலை அமுக்கவும். புல்லாங்குழல். பிறகு:

"வணக்கம், நான் ஆயிஷா. தங்களுக்கு எப்படி உதவட்டும்?"

குரலில் புன்னகை தெரிந்தது. போனிலிருந்தும் கேட்டது, கதவுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது.

அத்தா போனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "ஏட்டி, நீயா?"

"மன்னிக்கவும் சார். இந்த அழைப்பு தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது. தங்கள் பெயர்?"

"உங்கத்தாட்டி!"

"எங்கள் பதிவில் அந்தப் பெயர் இல்லை சார்."

அத்தாவுக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "மன்சூர் அலி, மேடம். நெட்டைத் துண்டிக்கணும்."

"எங்களை விட்டுப் பிரிய நினைப்பதற்கு வருந்துகிறோம் சார். காரணம் அறியலாமா?"

"காரணமா? மேடம், உங்களுக்குத் தெரியாததா?"

கதவுக்குப் பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம். மறுபடி பேசியபோது புன்னகை அப்படியே இருந்தது, அதன் கீழே குரல் மட்டும் மெலிந்திருந்தது. "சார், ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி தங்கள் பகுதியில் தேரை நிறுத்தச் சொல்லி ஒரு மண்டல மேலாளர் வாய்மொழி உத்தரவு கொடுத்திருக்கிறார். அப்படி ஒரு மேலாளர் நிறுவனத்தில் இல்லை. விசாரணை நடக்கிறது. தேர் மீண்டும் புறப்பட்டதாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது."

அத்தா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"தாங்கள் துண்டிப்பு மனு கொடுத்தால், இந்த ஃபைல் மேலே போகும் சார். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எங்கே வேலை என்று எல்லாம் பார்ப்பார்கள்."

"கொடுக்கலைன்னா, மேடம்?"

"ஃபைல் இங்கேயே தூங்கும் சார்."

"தூங்கட்டும் மேடம். யாரும் எழுப்ப வேண்டாம்."

"ஆகாயகங்கையுடன் தொடர்வதற்கு நன்றி சார். என் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுங்கள்."

அத்தா ஐந்தை அமுக்கினார்.

பத்து நிமிட இடைவேளையில் அக்கா தண்ணீர் குடிக்க வந்தாள். என் தலையில் நங்கென்று ஒரு கொட்டு. அப்புறம் அத்தாவைப் பார்த்து, "விட்டுட்டுப் போறவங்களைப் போகவிடாமப் பேசுறதுதான் அத்தா என் வேலை. நான் தக்கவச்ச மொத ஆளு நீங்கதான்," என்றாள். அம்மா அன்று கேசரி கிண்டினாள். அத்தா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "என்னையே மடக்கிட்டா பாத்தியா. நம்ம கடையில உக்காந்தா ஒரு பய நைட்டி எடுக்காமப் போக முடியாது," என்றார். ஆக, இப்போது எங்கள் வீட்டில் எல்லாரும் ஆகாயகங்கையை நல்ல கம்பெனி என்றுதான் சொல்கிறோம். எதிர்வீட்டு அண்ணாச்சி விசாரித்தபோது, "பறக்குது," என்றார் அத்தா.

நான்கு நாள் கழித்து, மாடியில் துண்டு எடுக்கப் போனபோது என் பையிலிருந்த பட்டன் போன் அடித்தது. அதை நான் அணைத்து வைத்திருக்க வேண்டும். மேனேஜர்கள் போனை அணைத்துத்தான் வைப்பார்கள்.

"சார், லிங்கேஷ் சார். சங்கரன்கோவில்." மூச்சு வாங்கினார். "அந்த முக்கு வீட்டுக்கு நீங்கதான் சார் வாயால சொன்னிய? இப்பம் யாரு சொன்னா, யாரு சொன்னான்னு கேக்காங்க. சிவப்புச் சட்டையைத் திருப்பி வாங்கிட்டாங்க சார். மத்த ரெண்டு கம்பெனியும் விசாரணை முடியட்டும், அதுவரை வராதன்னு சொல்லிட்டாங்க. நான் சொல்லிட்டேன் சார், எங்க மேனேஜர் இருக்காரு, சாப்ட்டியளான்னுகூடக் கேட்டேன், நல்ல மனுசன், அவர் வந்து சொல்லுவார்னு. நீங்க ஒரு வார்த்தை, 'ஆமா, நான்தான் சொன்னேன்'னு சொன்னாப் போதும் சார்."

என் தொண்டையில் எல்லாரும் இருந்தார்கள். ஹெட்மாஸ்டர், மாலா மேடம், அத்தா, அண்ணாச்சி, டீச்சர். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. என் சொந்தக் குரலில் பேசலாம்தான். அந்தக் குரல் கீழே அக்காவின் தலையில் இருக்கிற ஹெட்செட்டைக் கழற்றிவிடும். கீழே அக்கா யாரையோ போகவிடாமல் சிரித்துக்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது.

"சார்? லைன்ல இருக்கியளா சார்?"

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருக்கவும்."

"சரிங்க மேடம்," என்றார் லிங்கேஷ் அண்ணன், பணிவாக.

நான் உதட்டைக் குவித்துப் புல்லாங்குழலை வாசிக்க ஆரம்பித்தேன். அவரே சலித்துப்போய் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. வைக்கவில்லை. இருபதாவது நிமிடத்தில் மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்பது போல, "மேடம், நான் லைன்லதான் இருக்கேன்," என்றார்.

நான் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.